“அப்பா வரலைன்னா நான் மேட்சுக்குப் போறேன்”

கடிதம் எழுதியவர் மேற்கு மாவட்ட ஊர் ஒன்றில் இருக்கும் ஒரு தாய். பெயர், ஊர், அகாடமி எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் ரொம்ப நீளம், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

மகனுக்கு 11 வயது. இரண்டு வருடமாக ஒரு ஃபுட்பால் அகாடமியில் பயிற்சி எடுக்கிறான், 12 வயதுக்குட்பட்டோர் அணியில் லெஃப்ட் விங், அதாவது இடது கோட்டை ஒட்டி முன்னேறி ஆடும் இடத்தில் ஆடுகிறான். நவம்பரில் பிறந்தவன், அணியிலேயே சின்ன உருவம். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கல்லூரிக் காலத்தில் மாவட்ட அணி வரை ஆடியவர், முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் கோட்டோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே “ஏறு, ஏறு”, “மேனைப் பிடி”, “என்னடா தூங்கறே” என்று கடைசி விசில் வரைக்கும் கத்துவார். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறினால், பையன் ஆடும் பக்கத்துக்கு அவரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சில மாதங்களாக மேட்ச் அன்று காலையில் பையனுக்கு வயிற்றுவலி வருகிறது, திரும்பத் திரும்ப பாத்ரூம் போகிறான். மேட்ச் முடிந்ததும் வலி போய்விடுகிறது. அதனால் அப்பா அதை நடிப்பு என்கிறார், அம்மாவுக்கும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு மேட்ச் 2-1 என்று தோற்றது. பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னை எதிரணி எறிய, டிஃபென்ஸுக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் அதை வாங்கி கோல் அடித்துவிட்டான். ஆஃப்சைடு (டிஃபென்ஸைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தப்பு) கொடுக்கவில்லை என்று கணவர் மைதானத்துக்குள் இறங்கி, கல்லூரியில் படிக்கும் ரெஃப்ரி பையனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். ஆட்டம் நின்றது, நடத்தியவர்கள் வந்து வெளியே கூட்டிப்போனார்கள். யாரோ எடுத்த வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அன்று பைக் ஸ்டாண்டில் பையன் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருக்கிறது. மறுநாள் அகாடமியிலிருந்து ஒரு கடிதம்: எழுத்துமூலமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், நான்கு மேட்சுக்கு மைதானத்துக்கு வரக்கூடாது, இன்னொரு முறை நடந்தால் பையனை நீக்கிவிடுவோம். “பணம் கட்டறது நான், கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லையா” என்று கணவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் பார்க்கிறார், அகாடமியை மாற்றவும் யோசிக்கிறார். இதற்கு நடுவில் ஒருநாள் ராத்திரி பையன் அம்மாவிடம் மட்டும் சொன்னதுதான் மேலே தலைப்பில் இருப்பது. கணவரிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் எழுதியிருக்கிறார். கூடவே கேட்டிருப்பவை: பையனை ஃபுட்பாலிலிருந்து நிறுத்திவிடலாமா, அகாடமி இப்படிச் செய்ய முடியுமா, அப்பா கத்துவதை நிறுத்தினால் பையன் மந்தமாகிவிடுவானா.

அன்புள்ள தோழிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சொன்ன வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். “மேட்சுக்குப் போறேன்” என்கிறான். அவனுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது. சில மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டும் ஷின் கார்டு மாட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு பையனை ஆட்டத்திலிருந்து நிறுத்துவது, தப்பே செய்யாதவனுக்குத் தண்டனை கொடுப்பது மாதிரி ஆகிவிடும். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நிறுத்தாதீர்கள். அவனே வேண்டாம் என்று சொன்னால் அது வேறு பேச்சு.

வயிற்றுவலி நடிப்பு இல்லை

மேட்ச் முடிந்ததும் வலி போய்விடுகிறது, அதனால் நடிப்பு என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு அதே விஷயம் நேர்மாறாகத் தெரிகிறது. பயம் வந்தால் உடம்பு தயார் நிலைக்குப் போகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, குடலின் அசைவு மாறுகிறது. அதனால்தான் பரீட்சை நாளில் பெரியவர்களுக்கே வயிறு கலக்குகிறது. குழந்தைகளுக்குப் பதற்றம் பெரும்பாலும் வார்த்தையாக வராது, வயிற்றில்தான் வரும். பயந்த விஷயம் முடிந்ததும் வலியும் முடிந்துவிடும். அந்த வலி நிஜமானது, அவன் சுருண்டு படுப்பது நிஜமாகவே வலிப்பதால்தான்.

இருந்தாலும் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், தொடர்ந்து வாந்தி, காய்ச்சல், அல்லது மேட்ச் இல்லாத நாளிலும் ஒரே இடத்தில் குத்துகிற வலி இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். இதெல்லாம் இல்லை, ஞாயிறு காலையில் மட்டும்தான் என்றால் காரணத்தை மைதானத்தில் தேடலாம். நடுவில் ஒரு காரியம் செய்யுங்கள்: “நடிக்காதே” என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. “வயிறு வலிக்குதா, சரி, கொஞ்ச நேரம் உட்காரு, நான் பக்கத்துல இருக்கேன்” என்று சொன்னாலே பாதிப் பதற்றம் இறங்கும்.

“அவர் கத்தினால்தான் ஓடுகிறான்”

கடிதத்தில் இதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கத்தினால் ஓடுகிறான் என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் எங்கே பார்த்துக்கொண்டு ஓடுகிறான்? நல்ல விங்கர் பந்து தன் காலுக்கு வரும் முன்பே தலையைத் திருப்பி, டிஃபெண்டர் எங்கே, காலி இடம் எங்கே என்று பார்த்துவைப்பான். எந்தக் கோச்சைக் கேட்டாலும் இந்த வயதில் பழக வேண்டியது இதுதான் என்பார். அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தால் குழந்தையின் கண் குரல் வந்த பக்கம் போகிறது, முக்கியமாக அது அப்பாவின் குரலாக இருந்தால். இன்னொரு சிக்கலும் உண்டு, கத்துகிற வார்த்தை எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். உங்கள் கணவர் பார்த்து, யோசித்து, கத்தி, பையன் கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் அந்த இடம் அடைபட்டுவிடும், அப்புறம் “சொன்னேன்ல” என்று ஒரு திட்டு வேறு. கோச் “கோட்டை ஒட்டியே நில்லு, அகலமா ஆடு” என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை, ஞாயிற்றுக்கிழமை அப்பா “உள்ளே வா, உள்ளே வா” என்று அழித்துவிட்டால் அவன் யார் பேச்சைக் கேட்பான்? கோச்சைக் கேட்டால் பைக்கில் திட்டு, அப்பாவைக் கேட்டால் சப் மாற்றிவிட்டு வெளியே உட்கார வைப்பார்கள்.

விங்கில் ஆடும் பிள்ளைக்கு இது மற்ற எல்லோரையும் விட அதிகம். நடுவில் ஆடுபவனுக்குப் பாதிச் சத்தம் கேட்காது. கோட்டை ஒட்டி ஓடுபவனுக்கு ஒவ்வொரு சொல்லும் காதுக்குள் விழும். பக்கம் மாறியதும் ஒரு பாதியாவது சத்தமில்லாமல் ஆடலாம் என்று அவன் எதிர்பார்த்திருப்பான், அப்பா அங்கேயும் வந்து நிற்கிறார். அவர் வராத பயிற்சி நாட்களில் பையன் எப்படி ஆடுகிறான் என்று கோச் சாரிடம் நேராகக் கேளுங்கள். அந்தப் பதில் என் விளக்கத்தை விட உங்கள் கணவருக்கு நன்றாகப் புரியும்.

பிள்ளைகளிடமே இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் போட்டி டென்னிஸ் ஆடும் 42 பிள்ளைகளோடு குழுக்குழுவாக உட்கார்ந்து பேசி, 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெற்றோரிடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது: ஆட்ட நுணுக்கத்தைப் பற்றி அறிவுரை வேண்டாம், உழைப்பையும் நடந்துகொண்ட விதத்தையும் பற்றிப் பேசுங்கள், சாப்பாடு, தண்ணீர், ஓய்வு போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தின் மரியாதைகளை மீறாதீர்கள், வாய் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொல்ல வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். “பரவாயில்லடா” என்று சொல்லிக்கொண்டே தலையில் கை வைத்தால், குழந்தை கையைத்தான் படிக்கும்.

மந்தமாகிவிடுவான் என்ற பயத்துக்கு வருகிறேன். 12 வயதுக்குட்பட்டோர் என்பதற்கு ஜனவரி 1 தான் எல்லைத் தேதி. அதே வருடம் ஜனவரியில் பிறந்த பையன் உங்கள் மகனை விடப் பத்து மாதம் மூத்தவன், இந்த வயதில் பத்து மாதம் என்பது உயரத்திலும் காலின் பலத்திலும் பளிச்சென்று தெரியும். சீக்கிரம் வளர்ந்த பையன்கள் தள்ளிவிட்டு ஓடுவதைப் பார்த்து “உனக்கு வெறி இல்ல” என்று நவம்பர் பிள்ளையைத் திட்டுவது ரொம்ப அநியாயம். அவன் வளரட்டும். அதுவரை அவனுக்கு ஆட்டம் பிடித்துக்கொண்டே இருந்தால் போதும், மீதியைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பற்றியும் கணவர் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுக்கு 500 இடங்கள் தனியாக இருக்கின்றன, நிறைய குடும்பங்களின் கணக்கு அதில்தான் நிற்கிறது. அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பார்ப்பது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் காலத்துச் சாதனைகளை. ஆறாம் வகுப்புப் பையனின் ஞாயிற்றுக்கிழமை லீக் மேட்ச் எந்த மதிப்பெண்ணிலும் ஏறாது. இப்போதே வெறுத்துப்போய் 14 வயதில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டால், அந்த 500 இடங்களைப் பற்றிப் பேசவே வழி இருக்காது.

அந்த த்ரோ-இன் கோல்

உங்கள் கணவருக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும்: அன்று ரெஃப்ரி கொடுத்த முடிவு சரி. த்ரோ-இன்னிலிருந்து பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. கோல் கிக்கும் கார்னர் கிக்கும் அப்படித்தான். ஃபுட்பால் விதிகளில் 11-ஆவது விதி இது. நன்றாக ஆடிய ஆட்கள் கூட ஆட்டத்தின் சூட்டில் இதை மறந்து கை தூக்குவதைப் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே இருபது வயது கூட இருக்காத ஒரு பையன், சரியான முடிவு கொடுத்துவிட்டு, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறான். ஆட்டத்தில் நடந்தவற்றைப் பற்றி ரெஃப்ரி கொடுக்கும் முடிவே இறுதி என்பது 5-ஆவது விதி. வெளியாட்களின் குறுக்கீடு இருந்தால் ஆட்டத்தை நிறுத்தவும், ஒரேயடியாகக் கைவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அன்று அவன் கைவிட்டிருந்தால் 20, 25 பிள்ளைகளின் ஞாயிறு உங்கள் கணவரால் போயிருக்கும்.

சரி, முடிவு தப்பாகவே இருந்திருந்தால்? அப்போதும் இதே பதில்தான். தப்பான முடிவுக்கு ஆட்சேபம் சொல்ல வேண்டியது கோச்சோ மேனேஜரோ, அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு, நடத்துபவர்களிடம். நம் ஊர்களில் சின்னப் பிள்ளைகளின் மேட்சுகள் நடப்பதே இப்படிப்பட்ட கல்லூரிப் பையன்கள், பெண்கள் கொஞ்சக் காசுக்கு வெயிலில் விசில் பிடிப்பதால்தான். இவர்கள் மனம் வெறுத்து விலகினால் அடுத்த வாரம் விசில் ஊத ஆள் கிடைக்காது. இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினை முற்றிப்போய், அங்குள்ள கால்பந்து சங்கம் 2008-இல் இதற்கென்றே ஓர் இயக்கம் ஆரம்பித்து, கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டிப் பெற்றோரை அதற்குப் பின்னால் நிற்க வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. நம் அகாடமிகளும் ஒரு கயிறு வாங்கிக் கட்டலாம். பெரிய செலவில்லை.

அகாடமியின் கடிதம்

நான் வக்கீல் இல்லை, அதனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்; நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் அகாடமி தன் மைதானத்தில் பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி வைக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் அப்படி ஒரு பத்தி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சே இல்லை, அதை எடுத்துப் பாருங்கள். பணம் கட்டுவதால் உங்களுக்கு உரிமைகள் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை: பயிற்சி சரியாக நடக்கிறதா என்று கேட்கலாம்; பாதியில் நீக்கினால் மீதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; தராவிட்டால் நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். மைதானத்துக்குள் இறங்கும் உரிமை அந்தக் கட்டணத்தில் அடங்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் கணவர் அதை யோசித்த மாதிரி தெரியவில்லை. பொது இடத்தில் கெட்ட வார்த்தையால் திட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி) பிரிவில் வரக்கூடிய விஷயம், பழைய சட்டத்தில் 294(பி) என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ரெஃப்ரி போலீசுக்குப் போகவில்லை, அகாடமியும் போகவில்லை. வீடியோ கையில் இருக்கும்போது முதல் நோட்டீஸை நீங்கள் அனுப்பினால், அவர்கள் இதுவரை செய்யாததைச் செய்யத் தூண்டுவது போலாகும்.

அகாடமி மாற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாவட்டத்தில் அதே லீக், அதே மைதானங்கள், அதே ரெஃப்ரிகள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். பையனுக்கு நண்பர்கள் மட்டும் போய்விடுவார்கள். ஆகவே நான்கு மேட்ச் தடையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கடிதத்தில் ஒரு வரி எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை, “பையனை நீக்குவோம்” என்பது. அப்பா செய்ததற்கு மகனைத் தண்டிக்கக் கூடாது. மன்னிப்புக் கடிதத்தோடு, “இனி ஏதாவது நடந்தால் எங்கள் மேல் நடவடிக்கை எடுங்கள், எங்களை மைதானத்துக்கு வரவிடாதீர்கள், பையனின் பயிற்சியைத் தொடாதீர்கள்” என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான கோச்சுகள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் பிள்ளையை இழக்க விருப்பம் இருக்காது. அந்த வீடியோவைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லியும் கேளுங்கள். அதில் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், உங்கள் மகன் பள்ளியில் அதைப் பற்றிக் கேலி கேட்க வேண்டியதில்லை.

பைக் ஸ்டாண்டில் விழுந்த அறை

கடிதத்தில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள், நான் கடக்க முடியாது. தோற்றதற்காகவோ, தான் அவமானப்பட்டதற்காகவோ ஒரு குழந்தையை அடிப்பது கண்டிப்பு ஆகாது. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை உடலுக்கோ மனதுக்கோ தேவையில்லாத வேதனை வரும்படி தாக்குவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவில் குற்றமாகச் சொல்கிறது, பெற்றோருக்கும் விலக்கு இல்லை. இதை வைத்து அவரை மிரட்டுங்கள் என்று சொல்லவில்லை. “அப்பாதானே” என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். “இனி அவன் மேல் கை வைக்கக்கூடாது” என்று கணவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், இதில் மட்டும் பேரம் வேண்டாம். மறுபடி நடந்தாலோ, உங்கள் மேல் கை ஓங்கினாலோ, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இரண்டும் எந்த நேரமும் எடுப்பார்கள்.

கணவரிடம் எப்படிப் பேசுவது

மகன் சொன்ன வாக்கியத்தை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைக்காதீர்கள். முதல் காரணம், அது உங்களை நம்பிச் சொன்னது. இரண்டாவது, கோபத்தில் அது பையனுக்கு எதிராகவே திரும்பும், “ஓ, நான் வேண்டாமா” என்று நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டால் குழந்தை உடைந்துபோவான். அவரே மகனிடம் கேட்கும்படி செய்வதுதான் வழி. “மேட்ச் அன்னைக்கு நாங்க எப்படி இருந்தா உனக்கு நல்லா இருக்கும்? என்ன சத்தம் பிடிக்கும், என்ன பிடிக்காது?” இந்தக் கேள்வியை இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில், சாதாரணமாக. உடனே பதில் வராது. “ஒண்ணுமில்லை” என்பான். எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். என்ன சொன்னாலும் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே கணவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மேட்சுக்கு முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். புதன், வியாழன் போல ஒருநாள் கடை அடைத்து வந்த பிறகு பேசுங்கள். “நீங்க பண்ணது தப்பு” என்று ஆரம்பித்தால் அவர் காது அடைத்துவிடும். அவருடைய ஆட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். நல்லா ஆடிக்கொண்டிருந்த ஒருவர் முழங்காலால் நிறுத்த வேண்டி வந்தது சின்ன விஷயம் இல்லை, அதை யாரும் அவரிடம் உட்கார்ந்து கேட்டே இருக்க மாட்டார்கள். கோட்டோரமாக நடந்துகொண்டே கத்துவதில் ஒரு பங்கு, மகனை வளர்ப்பதை விட, தானே உள்ளே இறங்கி ஆட முடியாத தவிப்பு என்று நான் நினைக்கிறேன். அந்தத் தவிப்புக்கு ஒரு இடம் வேண்டும். முழங்கால் தாங்கினால் ஊரில் மூத்தவர்கள் ஆடும் செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) அணியில் சேரட்டும். தாங்காவிட்டால் ரெஃப்ரி பயிற்சிக்குப் போகட்டும், மாவட்டச் சங்கத்தில் விசாரித்தால் எப்போது நடக்கிறது என்று சொல்வார்கள். குறைந்தபட்சம் பயிற்சி ஆட்டம் ஒன்றில் கொடியைப் பிடித்துக்கொண்டு லைன்ஸ்மேனாக நிற்கட்டும். அரை மணி நேரம் கொடி பிடித்தவர் அடுத்த முறை கத்துவதற்கு முன் யோசிப்பார்.

அந்த ரெஃப்ரியிடம் மன்னிப்பு, அகாடமிக்கு எழுதும் கடிதத்தோடு முடியக்கூடாது என்பது என் கருத்து. நேரில் போய், “அன்னைக்கு நீங்க கொடுத்தது சரி, நான் பேசினது தப்பு, தம்பி” என்று இரண்டு வரி சொன்னால் போதும், விளக்கமெல்லாம் வேண்டாம். முடிந்தால் மகன் பக்கத்தில் இருக்கும்போது. அப்பா தலைகுனிவதைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்று அவர் நினைக்கலாம். திட்டியதைப் பார்த்தவன் அவன்தான், சரிசெய்வதையும் அவன் பார்க்கட்டும்.

கோட்டுக்கு வெளியே நிற்கும்போது

நான்கு மேட்சுக்கு நீங்கள் போகப் போகிறீர்கள். கைகூப்பிக்கொண்டு சாமி கும்பிட்டபடி நிற்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அவன் பார்க்கிறான், தோழி. உங்கள் முகத்தில் பயம் தெரிந்தால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பான். கோச் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, முடிந்தால் இன்னொரு அம்மாவோடு உட்காருங்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், கோல்கீப்பர் பிள்ளைகளுக்கு அது பெரிய தொல்லை. பந்து அவன் காலில் இருக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். நல்ல பாஸ், நல்ல முயற்சி, கீழே விழுந்து எழுந்த எதிரணிப் பையன், எல்லாவற்றுக்கும் கை தட்டலாம். “சூப்பர் கண்ணா” என்று ஆட்டம் முடிந்த பிறகு ஒரு வாட்டி சொன்னால் போதும். முழு மேட்சையும் செல்போனில் வீடியோ எடுப்பதை விடுங்கள், வீட்டில் அதைப் போட்டுக் காட்டித் தப்பு கண்டுபிடிக்கும் பழக்கம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

வாய் திறந்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன, அங்கே நல்ல பெயருக்காகச் சும்மா இருக்கக் கூடாது. தலையில் அடிபட்டுத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான் என்றால் அன்று அவன் மறுபடி இறங்கவே கூடாது, உடனே மருத்துவமனை. கோச் “ஒண்ணுமில்லை” என்றாலும் நீங்கள் மறுக்கலாம். வெயிலில் தண்ணீர் இடைவேளை இல்லாமல் ஓட விடுவது, இடி இடிக்கும்போது ஆட்டத்தைத் தொடர்வது, கோச் அடிப்பது, அசிங்கமாகத் திட்டுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது, இவற்றையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. இதற்கும் ஆஃப்சைடுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணவரிடம் சொல்லுங்கள்: பிள்ளையின் உடம்புக்கும் மானத்துக்கும் ஆபத்து என்றால் பேசலாம், ஸ்கோருக்கு ஆபத்து என்றால் பேச வேண்டாம்.

அப்புறம் திரும்பி வரும் பயணம். அது கத்துவதை விட முக்கியம். கத்தும்போது பாதி கேட்காது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் கேட்கும். பேசாமல் விறைப்பாக ஓட்டிக்கொண்டு வருவதும் ஒரு திட்டுதான். மேட்சைப் பற்றி அவன் பேசினால் பேசுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். “நீ ஆடறதைப் பார்க்க நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு பரோட்டாவா தோசையா என்று கேளுங்கள். தப்பு நடந்திருந்தால் செவ்வாய்க்கிழமை பயிற்சியில் கோச் பார்த்துக்கொள்வார், அதற்குத்தான் அவருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்.

நான்கு மேட்ச் முடிந்த பிறகு கணவர் மறுபடி வரலாமா என்பதை மகனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதலில் ஒரு பாதி மட்டும், ஒரே இடத்தில் உட்கார்ந்து, பக்கம் மாறினாலும் எழுந்து போகாமல் பார்க்கட்டும். அது நல்லபடியாகப் போனால் அடுத்த வாரம் முழு மேட்ச். அப்பா வராத நாட்களிலும் வயிற்றுவலி குறையவில்லை, அல்லது பள்ளிக்கூட நாட்களிலும் வர ஆரம்பித்துவிட்டது என்றால் என் ஊகம் தப்பு, வேறு ஏதோ இருக்கிறது. பள்ளியிலோ அகாடமியிலோ யாராவது மிரட்டுகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள், நேரில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கணவருக்கும் யாரிடமாவது மனம் விட்டுப் பேச வேண்டும் என்று தோன்றினால் அதே எண்தான்.